அப்பா நடந்து பார்த்த பாட்டுகள்

எங்கள் வீட்டில் யாரும் பாட்டைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா நடந்து பார்ப்பார்.

அவர் தீயணைப்புத் துறை பேண்டு குழுவில் பெரிய டிரம் அடித்து ஓய்வு பெற்றவர். பாட்டைப் போட்டதும் ஹாலில் செருப்பு ஸ்டாண்டிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை கையை வீசி அணிவகுப்பு நடை நடப்பார். கால் தப்பாமல் ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டால் பாட்டு பாஸ். நடுவில் இடறினால், எப்பேர்ப்பட்ட ஆள் பாடியிருந்தாலும் சரி, வெளியே. பிறந்தநாளா, யாருக்காவது வேலை கிடைத்ததா, எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். என் மகனுக்குப் போட்ட தாலாட்டுகூட லெஃப்ட் ரைட்டில் தேறிய தாலாட்டு. பிள்ளை தூங்கினானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய பரீட்சை வரும். சுதந்திர தினமும் அப்பா அம்மா கல்யாண நாளும் எங்களுக்கு ஒன்று. கல்யாணத்தன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் அணிவகுப்பில் டிரம் அடித்துவிட்டு, மத்தியானம் அதே சீருடையில் வந்து கல்யாணம் செய்துகொண்டார். கூட வந்த பேண்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெளுத்துக் கட்டினார்கள். அந்த வேகத்துக்கு அம்மா மேடைக்கு நடந்து வந்தாளா, ஓடி வந்தாளா என்று சொந்தக்காரர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. ஆக, காலையில் எங்கள் குடியிருப்பின் கொடியேற்றத்துக்கு ஒரு வரிசைப் பாட்டு, சாயங்காலம் வீட்டு விருந்துக்கு ஒரு வரிசைப் பாட்டு. இரண்டையும் முந்தின நாளே நடந்து பார்த்து முடித்துவிட வேண்டும்.

இந்த வருஷம் என் தங்கை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். அந்த நிமிஷமே வீட்டில் அவருக்கு லிஃப்ட் என்று பெயர் விழுந்துவிட்டது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"இந்த வருஷப் பாட்டை அந்தத் தம்பியே எடுத்துட்டு வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? எனக்கு முதலில் பார்த்த வரன் மூன்றாவது பாட்டில் அப்பாவின் காலை வாரிவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்த என் வீட்டுக்காரர், பயத்தில் ஒரே பாட்டையே ஆறு பேர் பாடியதாகத் தேடிக் கொண்டுவந்தார். ஆறும் பாஸ். மாப்பிள்ளைக்குப் பரந்த ரசனை என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். இப்படிப்பட்ட வீடு இது. தங்கையோ, அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை, இவரைத் தவிர வேறு மாப்பிள்ளையும் இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பிடிவாதக்காரி. பாட்டு போனால் அவள் வாழ்க்கையே போச்சு.

"அக்கா, எனக்குப் பாட்டுன்னா சுத்தமா ஒண்ணும் தெரியாது. எல்லாமே ஒரே மாதிரிதான் கேக்குது" என்று லிஃப்ட் என்னிடம் போனில் புலம்பினார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக் என்றால் கண்ணை மூடிக்கொள்கிற ஆட்களோடு தினமும் ரோட்டில் போய்விட்டு உயிரோடு திரும்புகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, கத்துவேன், ஆனால் யாரையும் பாதியில் இறக்கிவிட மாட்டேன். "பாட்டைப் போடுங்க, நடங்க. எதுலயும் முட்டாம போனீங்கன்னா அதை எடுத்துக்கோங்க. அவ்வளவுதான் விஷயம்" என்றேன். தங்கை அவரைப் பரிசோதனை நிலையத்தின் வராந்தாவில் கையை வீசி நடக்கவிட்டாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள், யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார்களாம்.

பரீட்சை நாளும் வந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாகச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் விறைப்பாக நின்றார். என் வீட்டுக்காரர் பழைய ஞாபகத்தில் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டார். லிஃப்ட் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தார். புதுச் சட்டையின் காலருக்குள் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை பின்னாலிருந்து அதைப் பிய்த்தாள்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"ம்."

காலைப் பாட்டுகள் முதலில். கொடி ஏறுவதற்கு முன்னால் எல்லையைக் காப்போம் என்று ஒன்று, ஏறிய பிறகு வயலும் தொழிலும் வாழ்க என்று ஒன்று. அப்பா ஜம்மென்று நடந்தார். ஃப்ரிட்ஜில் டொக், டொக் என்று தட்டும் சத்தம் கேட்கக் கேட்கத் தங்கை என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முடிந்ததும் வந்தது வினை. லிஃப்ட் போனில் இலவசமாகத்தான் பாட்டுக் கேட்கிறவர். நடுவில் விளம்பரம் நுழைந்துவிட்டது. முதுகுவலிக்கு ஏற்ற மெத்தை, மூன்று அளவுகளில், பின்னணியில் டிரம்மோடு. லிஃப்டுக்கு முகம் வெளுத்துவிட்டது, அணைக்க விரல் வரவில்லை. அப்பாவோ நிற்கவே இல்லை. மெத்தையின் கூடவே நடந்துபோய் ஃப்ரிட்ஜைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"தேசப்பற்று கொஞ்சம் கம்மிதான். ஆனா நடை சுத்தம். கொடி ஏறினதும் இதைப் போட்டுடுங்க."

நான் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அது விளம்பரம் என்று எடுத்துச் சொல்ல அந்த ஹாலில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அடுத்து சாயங்காலப் பாட்டுகள். வீடு, பிள்ளைகள், பல்லாண்டு வாழ்க என்று வரிசையாகப் பாஸ். அப்பாவின் முகத்தில் மாமனார் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. தங்கைக்குத் தரையில் கால் பாவவில்லை, எனக்கும்தான். கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கடைசிப் பாட்டைப் போட்டார் லிஃப்ட்.

ஆற்றில் ஒரு படகு போகிறது, அதில் இரண்டு பேர், அவசரமே இல்லை என்கிற மாதிரி ஒரு பாட்டு. அழகான பாட்டுதான். ஆனால் மூன்று மூன்றாக எண்ண வேண்டிய தாளம். அப்பா சர்வீஸ் முழுக்க 'டம்' என்றால் இடது காலை வைத்துப் பழகியவர். இங்கே முதல் டம் இடது காலில் விழுந்தது, அடுத்த டம் வலது காலில் விழுந்தது. அவர் திடுக்கிட்டு ஒரு குதி குதித்துக் காலை மாற்றினார். அடுத்த டம்முக்கு மறுபடி தப்பியது, மறுபடி குதித்தார். சுடுமணலில் செருப்பில்லாமல் போகிறவர் மாதிரி குதித்துக் குதித்து, சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து நின்றுவிட்டார். லிஃப்ட் பாட்டை அணைத்தார்.

"தம்பி, இது யார் எடுத்த பாட்டு?"

"நான்தான் சார்."

"நடந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். விழுந்துட்டேன்."

"விழுந்துட்டு அப்புறம் ஏன் கொண்டுவந்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை பொங்கிவிட்டாள். "ஏன்டா, புத்தி இருக்கா உனக்கு?" அதுவரை எங்கள் முன்னால் வாங்க, போங்க என்று மரியாதை பொங்க வழிந்தவள். அந்த 'டா' விழுந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, போகட்டும். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க, முடிஞ்சது" என்றார். இதைவிட ஒரு தகப்பன் எப்படிச் சம்மதம் சொல்வார்? தங்கையின் முகத்தில் உயிர் திரும்பியது.

"எடுக்க முடியாது சார்" என்றார் லிஃப்ட்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பீக்கரை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். ரோடு காலியாக இருக்கும்போது போய்ச் சுவரில் முட்டுகிற ஜென்மங்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏன் முடியாது?"

"அது அம்மாவோட பாட்டு சார். கல்யாண நாள் உங்க ரெண்டு பேருக்கும்தானே. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியுது. அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு இவங்களைக் கேட்டேன், அக்காவைக் கேட்டேன். ரெண்டு பேருக்கும் தெரியல. அதான் அம்மா வேலை செய்யற மருந்துக்கடைக்குப் போய் அவங்களையே கேட்டேன்."

என்னைக் கேட்டது உண்மைதான். அம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும் என்று சொல்லி போனை வைத்திருந்தேன்.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்திருந்தாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இது நடக்காது, உங்க கல்யாணமே கெட்டுப்போயிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தம்பி கேக்கல."

அப்பா அவளைப் பார்த்தார். "உனக்கு இந்தப் பாட்டு பிடிக்குமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே பிடிக்கும்."

"எங்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலையே."

"நீங்க நடந்துட்டே இருந்தீங்க."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர் மறுபடி செருப்பு ஸ்டாண்டுக்குப் போய் நின்று, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டார்கள். இந்த முறை அவர் குதிக்காமல், டம் எந்தக் காலில் விழுந்தாலும் விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. மேஜையைத் தாண்டினார், நாற்காலியைத் தாண்டினார், கடைசியில் நேராகப் போய் என் வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டார். "வாங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் நான், தங்கை, லிஃப்ட், கடைசியில் அப்பாவே. வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல.

அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். லிஃப்டைக் காட்டி அம்மாவிடம், "இவரு எப்படி?" என்றார்.

"என்னையா கேக்குறீங்க?"

"உன்னைத்தான். நீ சொல்றதுதான்."

தங்கை என் தோளில் நகத்தைப் பதித்துவிட்டாள். அம்மா லிஃப்டை மேலும் கீழும் பார்த்தாள். கிடைத்த வாய்ப்பை அவசரப்பட்டு முடிக்க அவளுக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. நம்ம பொண்ணுக்கு என்ன பிடிக்கும்னு இவரு கேட்டுட்டே இருப்பாரு" என்றாள்.

"அப்போ சரி" என்றார் அப்பா. "என்ன மாப்பிள்ளை, மசமசன்னு நிக்கிறீங்க? இன்னொரு தடவை போடுங்க. எந்தக் காலை முன்னால வைக்கணும்னு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

லிஃப்ட் பாட்டைப் போட்டார். அப்பா செருப்பு ஸ்டாண்டை நோக்கித் திரும்பினார். அம்மா போய் அவர் முன்னால் நின்றுகொண்டாள்.

"காலை விடுங்க, கையைக் குடுங்க" என்றாள்.