ஆர்மோனியம் இல்லாத நாடகக் குழு

கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள், ஒட்டுப்பலகையில் செய்து பச்சைச் சாயம் அடித்த கதவு, சாயத்தின் வாசனை இன்னும் போகவில்லை, நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதுகு வளையாமல் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறேன், எதிரே இருட்டுக்குள் அம்பாசமுத்திரம் உட்கார்ந்து மூச்சு விடுகிறது, இனி அவள் தட்டுவாள், நான் திறக்கக் கூடாது, நாடகம் அப்படித்தான் முடிகிறது, எத்தனை நாடகங்கள் இப்படி முடிந்திருக்கின்றன இந்த நெல் கிட்டங்கியில், மூட்டைகளை ஒதுக்கிவிட்டு என் அம்மாவின் சேலைகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டிய முதல் நாள் நேற்றுப்போல இருக்கிறது, இல்லை, இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறோம், ஏணியில் நான், கீழே ஆணி எடுத்துக் கொடுப்பவன் இசக்கிமுத்து, எங்கள் சிரிப்பு நடிகன், இன்னும் மீசை முளைக்காதவன். புதுநாள் நாடகக் குழு என்று பெயர் வைத்தவன் நான், புராணம் கிடையாது, வேறு ஊரில் ஓடியதை வாங்கி ஆடுவது கிடையாது, ஒருமுறை போட்டதை அடுத்த வருஷம் போடுவதும் கிடையாது, இந்த ஊர்க்காரர் மனத்தில் புதிதாகப் பிறந்தது மட்டுமே மேடையேறும், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையை நாடகமாகப் போட்ட அன்று சண்டைக்காரர்கள் இருவருமே முன்வரிசையில் இருந்தார்கள், நான் அப்படியா வே பேசுனேன் என்று ஒருவர் எழ, அதைவிடக் கேவலமால்லா பேசுனீரு என்று மற்றவர் எழ, நடிகர்கள் வசனத்தை நிறுத்திவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எங்க குடும்பத்த இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டேரே என்று, தன் வீட்டுக் கதை மேடையேறிய மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் என் வீட்டுக்கே வந்து நின்றபோதும் நான் அசரவில்லை, மேடைக்குச் சொந்தபந்தம் கிடையாது அண்ணாச்சி, காப்பி குடிங்க என்றேன்.

எழுதிய தாளை நீட்டினால் நாங்கள் வாங்குவதில்லை, எழுதியவரே கிட்டங்கித் தரையில் நின்று, கிழவன், குமரி, போலீஸ்காரர் என்று அத்தனை பேராகவும் தனியாக ஆடிக் காட்ட வேண்டும், பிடித்தவர்கள் எழுந்து நிற்போம், எழுந்தவர் திரும்ப உட்காரக் கூடாது, தலைவனான நான் எழுந்தால் பேச்சே இல்லை, நாடகம் பிறந்துவிட்டது, விதிகளை வகுத்தவன் நான். திரையோரத்தில் இருந்து வசனம் எடுத்துக்கொடுத்தவள் என் தங்கை வடிவு, அவளுக்கு எதிர் ஓரத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் ஞானராஜ், ஒரு பங்குனியில் இருவரும் நாகர்கோவிலுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள், அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நாங்கள் கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம், அன்றோடு அவள் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, குடும்பம் என்றால் அதற்கு ஒரு முகம் வேண்டும், இன்றைக்கும் என் எண்ணம் அதுதான். அதற்குப் பிறகு எங்கள் நாடகங்களில் ஆர்மோனியம் இல்லை, மதுரையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் இசையைத் துறந்த துணிச்சலான புதுமை என்று எழுதினார், நாங்கள் மறுக்கவில்லை.

இந்தத் தை மாதம் என் மகனைக் கட்டிய மருமகள் கோமதி, மாமா, எங்கிட்டயும் ஒரு நாடகம் இருக்கு, ஆடிக் காட்டட்டுமா என்றாள், தாராளமா ஆடுத்தா என்றேன், பெருமையாகத்தான் இருந்தது, அவள் தரையின் நடுவில் போய் நின்று, தொண்டையை இரண்டுமுறை செருமி, கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தை நிமிர்த்தி, சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதை நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னாள், குழு சிரித்து உருண்டது, ஐயோ அண்ணாச்சியேதான் என்று இசக்கிமுத்து கண்ணீர் வரச் சிரித்தான், எனக்கும் உதடு துடித்தது, சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தாள். அடுத்த நொடி அவள் பக்கம் மாறி நின்று, தோளில் பையோடு காற்றில் ஒரு கதவைத் தட்டி, அண்ணே, நான் வடிவு வந்திருக்கேன் என்றாள், அந்தப் பெயர் என் காதில் விழுந்து எவ்வளவு காலம், போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன், அவ்வளவுதான், அண்ணாச்சி எந்திரிச்சிட்டாரு என்று கத்தினான் இசக்கிமுத்து, மொத்தக் குழுவும் எழுந்தது, கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது, கோமதி ஓடிவந்து என் காலைத் தொட்டு, நீங்க சம்மதிப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல மாமா என்றாள். நான் கிளம்பத்தான் எழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் எழுந்தவர் உட்காரக் கூடாது என்றவனே உட்காருவதா, சொன்ன சொல்லை விழுங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒத்திகையில் இசக்கிமுத்து என் வேஷத்தைக் கட்டிக்கொண்டு கூனி இருமினான், அதை எப்படிப் பொறுப்பது, எங்க வம்சத்துல எவம்லே கூனுனான், தள்ளு என்று மேடையேறினேன், அப்பாடி, அந்த வெறப்பு எனக்கு வரவே மாட்டேங்கு, நீங்களே நில்லுங்க என்று அவன் இறங்கிப்போனான்.

தட்டுகிறாள். அண்ணே, நான் வடிவு வந்திருக்கேன் என்று கதவுக்குப் பின்னால் கோமதியின் குரல், நான் அசையாமல் இருட்டைப் பார்க்கிறேன், மூன்றாவது வரிசையில் ஒரு வெள்ளைத்தலை, என் தங்கை, பக்கத்தில் வழுக்கையாகிப்போன ஞானராஜ், இருவரையும் வரவழைத்தது கோமதி என்னிடம் சொல்லாமல் செய்த வேலை, நான் உப்புக்குத் தீர்ப்புச் சொன்னபோது எல்லாரையும்விடச் சத்தமாக ஒரு சிரிப்பு எழுந்ததே, அது அவளுடையதுதான், இப்போது சிரிக்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்திருக்கிறாள், மறுபடியும் தட்டுகிறாள் கோமதி, திறக்கக் கூடாது, எழுதியவர் வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பதும் நான் போட்ட விதி, என் கை தாழ்ப்பாளில் இருக்கிறது, கதவு திறந்துவிட்டது. கோமதி திகைத்து, மாமா, சாத்துங்க, தொறக்கக்கூடாது என்று முணுமுணுக்கிறாள், நான் சபையைப் பார்த்துத் திரும்பி, வடிவு, உள்ள வாட்டி என்கிறேன், கோமதி காலெடுத்து வைக்கிறாள், நீ இல்லத்தா என்கிறேன், கூட்டம் குலுங்குகிறது, மூன்றாவது வரிசையிலிருந்து அந்தக் குரல், இத்தன வருசம் கழிச்சுக் கூப்பிட்ட ஒடனே ஓடியாந்துருவாளாக்கும், வேணும்னா நீங்க எறங்கி வாங்க. ஊர் விசிலடிக்கிறது. நான் படிகளில் இறங்குகிறேன், முகத்தில் அரிதாரம், முதுகு நிமிர்ந்தபடியேதான், ஞானராஜ் பதறி எழுந்து இடம் விடுகிறார், இருக்கட்டும் மாப்பிள, உக்காருங்க என்று என் வாய் சொல்லிவிட்டது, வடிவு நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்காருகிறேன், அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே அழுகிறதா சிரிக்கிறதா தெரியவில்லை, மேடையில் என் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, வாசலில் கோமதி அடுத்த வசனம் தெரியாமல் நிற்கிறாள், திரையை இழுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, முடிஞ்சிட்டாண்ணே என்று வடிவு கேட்கிறாள், இல்லட்டி, புது நாடகம், இனிமேத்தான் என்கிறேன்.