மூன்றாவது ஒயர்

பேரப்பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்குத் துணையாக அழகிரிசாமியின் மனைவி பங்காரம்மா ஆர்.எஸ்.புரத்து மகன் வீட்டுக்குப் போனது தொண்ணூற்று மூன்று ஜூனில். தென்னைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டுமே என்று உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தோட்டத்து வீட்டில் அழகிரிசாமி மட்டும் தங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசிய மனிதர் என்றால் மோட்டார் எலெக்ட்ரீசியன் ரசாக் ஒருவர்தான்.

போர்வெல் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க, முன்பெல்லாம் ரசாக் லைனை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, நடுவே மீட்டரைக் கோர்ப்பார். அதற்குள் கரண்ட் போய்விடும். திரும்பி வருகிற வரைக்கும் தேங்காய் விலை, அணைத் தண்ணீர், ஊர்ப் பேச்சு. சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

போன தடவை பையிலிருந்து இடுக்கி மாதிரி ஒன்றை எடுத்தார். டாங் டெஸ்டராம். அதன் வாயைத் திறந்து ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டார். முள் எட்டில் நின்றது. எதையும் கழற்றவில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. கரண்டு ஓடுனா ஒயரைச் சுத்திக் காந்தம் உண்டாகுமுங்க. இது அதைப் புடிச்சுக்கும்."

"கம்மியா ஓடுனா?"

"ஒயரை ரெண்டு சுத்தா உள்ள உடோணுங்க. முள்ளு ரெட்டிப்பாக் காட்டும்."

காப்பி ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆடி மாதம் ஒருநாள் அழகிரிசாமி மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். மூன்று ஒயர்களில் ஒன்றை வளையமாகச் சுருட்டி, இரண்டு சுற்றும் ஒன்றாய்த் தெரியும்படி கறுப்பு டேப்பால் இறுக்கினார். மற்ற இரண்டுக்கும் சும்மாவே டேப் சுற்றினார். மோட்டார் திணறுகிறது என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்.

ரசாக் வந்து பார்த்தார். எட்டு, எட்டு, மூன்றாவது ஒயரில் பதினாறு.

"ஏனுங்க, மோட்டாருக்குள்ள காயில் கருகுதாட்டம் இருக்குது. மோட்டாரை மேல தூக்கோணுங்க."

"தூக்கிப்போடலாமுங்க. மொதல்ல சாப்புடுங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன்."

"உங்க சமையலுங்களா? அப்ப மோட்டாரு கெடக்கட்டும், என்ற வவுத்தைப் பாக்கோணும்."

இருவரும் சிரித்தார்கள். ரசாக் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். மகளுக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொன்னார். அழகிரிசாமிக்கு அந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தன் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கை கழுவிவிட்டு ரசாக் எழுந்தார். "தூக்கறதுக்கு முன்னால இன்னொருக்காப் பாத்துப்போடறேன்."

இந்தத் தடவை அதே ஒயரைக் கொஞ்சம் கீழே கவ்வினார். எட்டு. மேலே வைத்தார். பதினாறு. மெயினை அணைத்துவிட்டு டேப்பை நகத்தால் உரித்தார். வளையம் பிரிந்து தொங்கியது.

அவர் வளையத்தைப் பார்த்தார், அழகிரிசாமியைப் பார்க்கவில்லை.

"எலி கிலி இழுத்திருக்குமுங்க," என்றார் ரசாக்.

"எலி டேப்பு சுத்துமுங்களா?"

ரசாக் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரு காப்பி குடுங்க. இருந்துட்டே போறேன்."

இருந்தார். மகன் வீட்டுக்குப் போன அம்மிணி எப்போது வருவார்கள் என்று கேட்டார். ராத்திரி தூக்கம் வருகிறதா, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தவர் கேட்கிற கேள்விகள். பல்லடத்து மாப்பிள்ளை பேச்சு திரும்ப வரவில்லை.

"உங்களுக்கு வேற சோலி இருக்கும்," என்று அழகிரிசாமியே எழுந்தார். "கெளம்புங்க."

"அடுத்த வாரமும் இந்தப் பக்கந்தானுங்க. வாரேன்."

"எதுக்குங்க? மோட்டாரு நல்லாத்தான ஓடுது."

வண்டிச் சத்தம் தோப்பைத் தாண்டியதும் அவர் ஒயரை நிமிர்த்தி, பெட்டியை மூடி, மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்தது.