பிள்ளை மடுவத்தின் மைச்சுவர்

நாற்புறமும் மலைகள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் மடிப்புகளில் தேயிலைப் பசுமை படிந்து கிடக்க, இலங்கை மலையகத்தின் எல்ல நகர விடுதிக் கூரைகளைத் தொட்டெழுந்த வெண்பனி மேல்மலைத் தோட்டத்தை மெல்ல மூடிக்கொண்டிருந்த காலைப்பொழுது அது. தோட்டத்தின் ஓரத்தில், கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளை மடுவம் ஆளரவமின்றி நின்றது. அதனைப் பராமரித்துவந்த பெரியாயி அதன் பின்னறையிலேயே தனியே வாழ்ந்தாள். பேச்சுத்துணைக்கு ஒரு பூனைகூட அவளுக்கு இல்லை.

படிப்போரே, அம்மடுவத்தின் உட்சுவரைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளையைத் தூளியில் இட்டுக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்த ஒவ்வொரு தாயும், விரலில் எஞ்சிய மையைத் தூளிக்கு மேலே சுவரில் துடைத்துவிட்டே மலையேறினாள். தலைமுறை தலைமுறையாகப் படிந்த அவ்விரற்சுவடுகளால் சுவர் கறுத்துக் கிடந்தது. பெரியாயி தன் மகளுக்கு வைத்த மையும் அங்கே இருந்தது. அம்மகளோ பள்ளி செல்லும் அகவையைக் காணாமலே காய்ச்சலில் மாண்டுபோனாள்.

மடுவத்தை வாங்கியோர் வெளிச்சுவரை மட்டும் விட்டு, உள்ளே யாவற்றையும் இடித்து விடுதியாக்க எண்ணினர். அதன் அகமும் காக்கத்தக்கதே என்று பதுளையின் தொல்பொருள் அலுவலர் எழுதிக்கொடுத்தால் இடிப்பு நிற்கும். பெரியாயியும் அங்கேயே இருக்கலாம். சுவரின் பழைய படமொன்றைக் கண்டிருந்த அலுவலர் றஷீதா, உள்ளே பார்க்க வருவதாக மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வெள்ளையடிப்பது தோட்டத்து வழக்கம். அழுக்குக்காகத் துரைமார் சீறுவதைக் கேட்டு வளர்ந்தவள் பெரியாயி. ஆதலின் சுவரைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசினாள். மகளின் மைச்சுவட்டருகே மட்டும் அவள் கை தயங்கியது. வருகிற அம்மா முகம் சுளிப்பாரே என்று அஞ்சி, நெஞ்சு வலிக்க அதனையும் தேய்த்தாள்.

றஷீதா உள்ளே வந்து திகைத்து நின்றாள்.

"நல்லா இருக்குங்களாம்மா? ஒரு பொட்டு அழுக்கு இல்லாம தேச்சுட்டேன்," என்றாள் பெரியாயி.

"அக்கா, நான் அந்த மைப்பொட்டுகளைப் பார்க்கத்தான் வந்தேன். இந்த இடத்தைக் காப்பாத்த அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பெரியாயி ஈரம் உலராத சுவரை நெருங்கி, மகளின் தூளி தொங்கிய இடத்தை முந்தானையால் தேய்க்கத் தொடங்கினாள். சுண்ணாம்பு கரைந்தது, அடியில் கழுவிய காரையே தெரிந்தது.

"அம்மா, இங்கதாங்க இருந்துச்சு. நீங்க எழுதிக்கிடுங்க, இங்கதாங்க."

காக்க வருவோர் தாம் காக்க வந்தது யாதென்று அங்கு வாழ்வோரிடம் ஒரு சொல் முன்னரே சொல்லியிருக்கலாம். றஷீதா சென்றபின், மகளும் இல்லாத அவ்வெண்சுவரோடு பெரியாயி தனித்திருந்தாள்.