பந்தில்லாமல் ஓடியவள்

"பந்து இல்லாம ஓடறதுக்கு நான் என்ன நாய்க்குட்டியா?"

"நாய்க்குட்டியா இருந்தா சொன்ன பேச்சு கேக்குமேடி!"

"போன வருஷம் தூரத்துலேருந்து நாலு போட்டேனே, அதைச் சொல்ல மாட்டியே!"

"பதினொண்ணு எறிஞ்சு நாலு. மிச்சம் ஏழு எங்க போச்சு? அதை நீ சொல்லு!"

இரண்டாம் மாடியில் அக்காளும் தங்கையும் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரமே ஒரு நொடி தயங்கியது. நான் ஒட்டுக் கேட்கிறவள் அல்ல. துணி காயப் போடுகிற கொடி அவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே அமைந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய? அன்றைக்கு ஒரே துண்டை மூன்று முறை உதறிக் காயப் போட்டேன்.

அக்காள் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஜெராக்ஸ் அக்காதான். மாலையானால் எங்கள் வட்டாரப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச். தங்கை பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்காருகிறவள். அணியில் தூரத்திலிருந்து எறிவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பால் கம்பெனி அணியோடு இறுதி ஆட்டம். நான்கு வருடமாக அதே அணியோடு இறுதி ஆட்டம், நான்கு வருடமும் தோல்வி. கிளப் செயலாளர், ரிட்டயரான ஹெட்கிளார்க், தேங்காய் உடைத்த மாதிரி சொல்லிவிட்டார்: "அஞ்சாவது தடவையும் தோத்தா, அடுத்த மாசத்துலேருந்து என் மாப்பிள்ளைதான் கோச்சும்மா. அவருக்கும் பொழுது போகணும் பாரு." அந்த மாப்பிள்ளைக்குக் கூடை எது, பந்து எது என்று தெரியும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஜெராக்ஸ் அக்காவோ பதினெட்டு வருடமாக அந்தக் கோர்ட்டிலேயே கிடக்கிறவள். அதை விட்டால் அவளுக்கு மெஷின் சூடும் மைப்பொடியும்தான் மிச்சம்.

பால் கம்பெனிக்காரிகளின் பலம் ஜோன் ஆட்டம். ஆளைத் துரத்திக்கொண்டு ஓடமாட்டார்கள்; இடத்தைக் காப்பார்கள். முன்வரிசையில் இரண்டு பேர், பின்வரிசையில் மூன்று பேர். உன் எல்லைக்குள் வந்தவளை நீ பார், என் எல்லைக்குள் வந்தவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற ஏற்பாடு. பின்வரிசையின் நடுவில் நிற்பவளுக்கு மதில் என்று பட்டப்பெயர். பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது.

எனக்கு இது சொன்னவுடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் நாங்கள் செய்வதும் அதுதானே! கேட்டிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை என் பொறுப்பு. கடையிலிருந்து தெருமுனை வரை எதிர்வீட்டுத் தையல்காரியின் பொறுப்பு. ஈ காக்கை தப்பாது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சங்கதியை நாங்கள் கண்டுபிடித்ததும் அப்படித்தான். அந்த மனிதர் ஏழு மாதமாகத் தினமும் காலை எட்டரைக்கு, கண் பரிசோதனைக்கு மாட்டுவார்களே எழுத்து அட்டை, அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குள் போவார். ஒரே ஒரு காப்பி. வெளியே வரக் கால் மணி நேரம்.

"ஊர்ல அத்தனை பேருக்குமா கண்ணு கெட்டுப்போச்சு?" என்றாள் தையல்காரி.

"கண்ணு கெடலை. கண்ணு ஜெராக்ஸ் அக்கா மேல" என்றேன் நான்.

அன்றிலிருந்து எட்டரை மணிக்கு எங்கள் இரண்டு ஜோடிக் கண்ணும் கடை வாசலை விட்டு அசையவில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. உள்ளே அக்காள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். துண்டை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் பாதி ஏறியும் ஓர் எழுத்துக்கூட என் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தங்கை செக்கச் சிவந்த முகத்தோடு வந்தாள். "சரி, ஓடித் தொலைக்கறேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.

மறுநாள்தான் எனக்குச் சனி பிடித்தது. அணியில் இருப்பதே ஏழு பேர். எதிரே ஜோன் போட்டு நிற்க ஆளில்லை என்று ஜெராக்ஸ் அக்கா எங்களையே இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டாள். முன்னால் இரண்டு காலேஜ் பெண்கள். பின்னால் ஒரு பக்கம் தையல்காரி, மறுபக்கம் செயலாளரின் மனைவி, நட்டநடுவில் நான்.

"உங்க வேலை ஒண்ணே ஒண்ணு" என்றாள். "உங்க இடத்தைப் பாருங்க. அதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

தங்கை கோர்ட்டின் நடுவிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் நின்றவளுக்குக் கொடுத்துவிட்டு, யாரோ எவரோ என்பது போல் மூலைக்கு நடந்தாள். பக்கவாட்டுக்காரி எறிவதுபோல் பாவனை காட்டினாள். முன்வரிசை அவள்மீது பாய்ந்தது. அந்த நொடியில் ஏணி என்று நாங்கள் கூப்பிடுகிற பிரசவ வார்டு நர்ஸ், எங்கள் அணியிலேயே உயரமானவள், இரண்டு வரிசைக்கும் நடுவே வந்து பந்தை வாங்கினாள். அவளைத் தடுக்க நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவ்வளவுதான். என் முதுகுக்குப் பின்னால், கூடைக்கு அடியில் இருக்கிற பின்கோட்டை ஒட்டி, தங்கை மூலையிலிருந்து ஓடி வந்தாள். ஏணி பந்தை அவள் கையில் இறக்கினாள். கூடை.

"அவ பின்னாடி வந்தா, நீ பாக்கலையா?" என்று தையல்காரியிடம் சீறினேன்.

"நீங்க பாத்துப்பீங்கன்னு நினைச்சேன்!"

இருபத்துமூன்று முறை அதே ஆட்டம். பத்தொன்பது முறை என் முதுகுக்குப் பின்னால் கூடை விழுந்தது. பந்தைப் பார்க்காதே என்றால் கண் கேட்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் ஒன்பது புள்ளி பின்தங்கினோம். ஏணி பந்தை வாங்குவதற்குள் மதில் வந்து நின்றுவிடுகிறாள். செயலாளரின் மாப்பிள்ளை புது விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் தங்கை கெஞ்சினாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை தூரத்துலேருந்து எறியறேன்."

"கூடாது."

"தோத்துடுவோம்க்கா!"

"தோத்தா என் வேலைதானே போகும்? போகட்டும். ஓடு." பிறகு பக்கவாட்டுக்காரியிடம் திரும்பினாள். "நீ எறியப் போற மாதிரி காட்டறதே இல்லை. தபால் பெட்டியில லெட்டர் போடற மாதிரி பந்தைக் குடுக்கறே. கூடையைப் பாரு, முட்டியை மடக்கு, அவங்களை நம்ப வை. அப்புறம் குடு."

இரண்டாம் பாதியில் முன்வரிசை நம்பியது. ஏணி பந்தை வாங்கினாள், மதில் முன்னால் வந்தாள், தங்கை பின்கோட்டில் ஓடினாள். மூன்று முறை தொடர்ந்து கூடை. மதில் உஷாராகிப் பின்னாலேயே நின்றாள். ஏணி நின்ற இடத்திலிருந்தே எறிந்து இரண்டு போட்டாள். கடைசியில் பன்னிரண்டு விநாடி இருக்கும்போது பால் கம்பெனிக்கு நாற்பத்தேழு, எங்களுக்கு நாற்பத்தாறு.

பந்து பக்கவாட்டுக்குப் போனது. அங்கிருந்து ஏணிக்கு. மதில் நகரவில்லை. ஏணி கூடையை நிமிர்ந்து பார்த்தாள், கையைத் தூக்கினாள், கண்ணை அதிலேயே வைத்திருந்தாள். மதில் பாதி அடி எடுத்து வைத்தாள், பாதிதான். நானும் ஏணியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அரங்கமே அதைத்தான் பார்த்தது. பந்து எப்போது கீழே வந்தது, தங்கை எப்போது அங்கே வந்தாள், சத்தியமாகத் தெரியாது. வலை அசைந்ததுதான் தெரிந்தது.

நாற்பத்தெட்டு. மாப்பிள்ளை விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஜெராக்ஸ் அக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாவது மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்காரர். நான் எதிர்பார்த்ததுதான். பெண்ணின் பெயரைப் பார்த்துத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தங்கை! கடைக்குப் பின்கதவு ஒன்று இருக்கிறது. அது பின்படிக்குப் போகிறது. அட்டையோடு உள்ளே போன மனிதர் அந்தக் கால் மணி நேரமும் பின்படியில் அவளோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அக்காள் என்ன சொன்னாள் என்பதைக் கல்யாணத்தன்று தங்கையே என்னிடம் சொன்னாள்.

"'தெருவே என் கடை வாசலைப் பாத்துட்டு நிக்குது, நீ ஏழு மாசமா பின்படிக்கு ஓடறியே, கையில பந்தா வெச்சிருந்தே? அதே ஓட்டத்தைக் கோர்ட்ல ஓடு'ன்னா ஆன்ட்டி."

கல்யாணமாகித் தங்கை வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஏணி நல்ல சம்பளத்துக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதில் பால் கம்பெனியை விட்டுவிட்டு எங்கள் தெருவிலேயே குடிவந்து எங்கள் அணியில் சேர்ந்துவிட்டாள். ஜெராக்ஸ் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் அவள்தான் கோச். பின்கோட்டில் ஓட ஓர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். தையல்காரி மகளோடு இருக்கப் போய்விட்டதால் தெருமுனை வரைக்கும் இப்போது நான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருக்கிறது. பின்படிப் பக்கமும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.