குப்பை வண்டி பாடாத கடைசிச் சரணம்

எங்கள் ஊர்க் குப்பை வண்டி பாடுவது பிக்-ஹா அக்காவின் பாட்டு. தைவானின் மற்ற ஊர்களில் வண்டி வந்தால், எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர் யாரோ எழுதிய பியானோ இசை கேட்கும். எங்கள் ஊர்த் தலைவருக்குத் திடீரென்று ஊர்ப்பற்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நம்ம ஊர்ப் பொண்ணு பாடின பாட்டு இருக்கறப்ப வெளிநாட்டு மெட்டு எதுக்கு?" என்று மேடை போட்டுக் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். நானும் தட்டித் தொலைத்தேன்.

'துறைமுக விளக்கே, இன்னும் கொஞ்சம் எரி' என்ற அந்தப் பாட்டு கேசட் காலத்தில் தீவு முழுக்க ஓடியது. கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பாட்டு. படகிலும் அதுதான், முடிவெட்டும் கடையிலும் அதுதான். அக்காவுக்குக் கீபோர்டு வாசித்த காசில்தான் நான் கல்யாணமே பண்ணிக்கொண்டேன். பிறகு எல்லாரும் மறந்தார்கள். பாட்டுக்கு மறுபடி உயிர் வந்தது வண்டியில்தான். குரல் கிடையாது, பொம்மைக் கடிகாரம் போல டிங் டிங் என்று வெறும் மெட்டு. அதுவும் முதல் சரணத்தின் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புருஷன் வந்தானா, வரவில்லையா என்று ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

இங்கே குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. வண்டி வரும்போது கையோடு கொண்டுபோய் வீச வேண்டும். தவறவிட்டால் மீன் முள்ளோடு ஒரு ராத்திரி குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அதனால் மெட்டு கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவனும் ஓடிவருவான். அக்காவும் தன் பாட்டைக் கேட்டுத் தன் பையோடு ஓடுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

இந்த வருஷம் கடலம்மன் மாட்சுவின் பிறந்தநாள் விருந்தில் பாடச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள்.

"என்ன பாட்டுக்கா?" என்றேன்.

"அதுதான்."

"வேணாங்க்கா, சொன்னாக் கேளு. அதைக் கேட்டா நம்ம சனத்துக்குக் கால் நிக்காது."

"கடைசிச் சரணத்தை யாராவது கேக்கணும்டா. ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் வாயத் தொறக்கல, போதுமா?"

அம்மன் பார்க்க வேண்டுமே என்று கோயிலை நோக்கி மேடை போட்டிருந்தார்கள். நடுவே தெருவை அடைத்து வட்ட மேசைகள், இறால், பன்றிக்கால், பீர். அக்கா பழைய ஜிகினா கவுனை இடுப்பில் ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தாள். நான் மெட்டை ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். ஊரே எழுந்து வீட்டுக்கு ஓடியது. வாயில் பாதி இறாலோடு தலைவர் முதல் ஆளாக ஓடினார். அம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள், அவளுக்கு வேறு வழியில்லை. என் கை நின்றுவிட்டது.

"வாசிடா," என்றாள் அக்கா. எனக்கு ஊர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். வாசித்தேன்.

அவள் இரண்டாவது வரியைத் தொடும்போது எல்லாரும் திரும்பி வந்தார்கள், இரண்டு கையிலும் குப்பைப் பையோடு. மேடைக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

"வண்டி எங்கே?" என்றார் தலைவர்.

"சத்தம் இங்கதான கேக்குது?" என்றாள் சிப்பி விற்கும் சியூ-மோய். பையை அக்காவிடம் தூக்கிக் காட்டினாள். "அக்கா, நீங்களே வாங்கிக்கிறீங்களா?"

அக்கா பாடிக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். பையைக் கீழே வைக்க முடியாது, வண்டி வராமல் வீட்டுக்குப் போகவும் மனசில்லை. நின்றார்கள். வண்டி வழக்கமாக அறுக்கும் இடம் வந்தது. முதலிலிருந்து வரும் என்று எல்லார் தலையும் ஆடியது. பாட்டு நேரே போனது.

"அட, இதுக்கு மேலயும் இருக்கா?" என்றார் தலைவர்.

கடைசிச் சரணத்தில் அந்தப் பெண் விளக்கிடம் சொல்கிறாள்: போதும், அணைந்துவிடு, கடல் அவனை வைத்துக்கொண்டது, நான் வீட்டுக்குப் போகிறேன்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"செத்துட்டானா!" என்று சியூ-மோய் ஓவென்று அழுதாள். "தெனமும் வந்துருவான், வந்துருவான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

அழுகை வரிசை முழுக்கப் பரவியது. தட்டக் கை ஒழியாததால் பைகளைத் தூக்கிக் குலுக்கினார்கள். பீர் பாட்டில்கள் கலகலத்தன, மீன் சாறு என் சட்டையில் தெறித்தது. அப்போதுதான், விருந்துக் கூட்டத்தில் சிக்கித் தாமதமான நிஜ வண்டி டிங் டிங் என்று வந்து சேர்ந்தது. ஒருவரும் நகரவில்லை.

"நிறுத்துடா அந்த எழவ!" என்று ஓட்டுநர் ஆ-லியோங்கைப் பார்த்துக் கத்தினாள் சியூ-மோய். "அவன் செத்துட்டான்டா!"

"யாரு செத்தது?" என்று பதறி இறங்கினான் அவன்.

"அக்கா, இவன் கேக்கல. முதல்லேருந்து பாடுங்க."

பாடினாள். அவனும் அழுதான். பிறகு பின்வரிசைக்காரர்கள் தங்களுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றார்கள். கடைசியில் ஆ-லியோங் மூக்கைச் சிந்திக்கொண்டு காலி வண்டியை ஓட்டிப்போனான். குப்பையைப் போட யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் ஊர் நாறியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா வீட்டு மாடிக்குப் போனேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடுடா," என்றாள். "நல்லா இழுத்துப் பாரு. இன்னும் கொஞ்சம் நாறட்டும்."