புதருக்குள் ஓர் ஆடு

...வருகிறேன், வந்துகொண்டுதானே இருக்கிறேன் ஆண்டவரே, பின்னாலிருந்து தள்ளாதேயும், லிஃப்ட் வேறு ரிப்பேர், கீழே சலவை அறையில் காலையிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு விட்டுப்போயிருக்கிறது, இதில் மூன்று மாடி ஏறிப் போய் யாரைக் கூட்டி வரப் போகிறேன், என் ஓர்ப்படியை, என் புருஷனின் அடக்கத்தன்று அத்தனை பேர் முன்னாலும் "இவ வந்த நேரம்தான் என் கொழுந்தனைத் தூக்கிட்டுப் போச்சு" என்றவளை. இப்போது அவளுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, இன்று டிஸ்சார்ஜ். அவளை உன் வீட்டுக்குக் கூட்டிப் போ என்று நீர் சொன்னது ஜெபத்தில் தெளிவாகத்தான் கேட்டது, நான்தான் கேட்காத மாதிரி இருந்தேன், அப்புறம் பேரம்... என் மகள் வயிற்றில் ஒரு குழந்தையைக் கொடும், கூட்டிப் போகிறேன் என்றேன், நீர் வாயே திறக்கவில்லை. சரி, அவளுக்குப் பதிலாக உபவாசம் இருக்கிறேன், சர்ச்சைக் கழுவி விடுகிறேன் என்றேன், காய்கறிக்காரியிடம் என்றால் இந்நேரம் படிந்திருக்கும். மத்தியானம் நான் சாப்பாட்டுப் பையைத் திறக்காததைப் பார்த்துவிட்டு, கூடத் தேய்ப்பவள் கேட்டாள், "என்னக்கா, கடவுள்கிட்ட கோவமா, இல்ல காக்கா புடிக்கிறியா?" சிரித்து மழுப்பினேன், இவளுக்கு எப்படித் தெரிந்தது?

இரண்டாம் மாடி, மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் நிற்கிறேன். பெற்ற பிள்ளையைப் பலிகொடுக்க மலையேறிய அந்த வேதாகமத் தகப்பனுக்குக் கடைசி நேரத்தில் பிள்ளைக்குப் பதிலாகப் புதருக்குள் ஓர் ஆடு கிடைத்ததே, எனக்கும் ஒன்று வைத்திருப்பீர்தானே... மேலே போனதும் நர்ஸ் வருவாள், அவங்க சொந்தக்காரங்க காலையிலேயே கூட்டிட்டுப் போயிட்டாங்களே என்பாள், நானும் அடடா என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவேன், கீழ்ப்படிந்த மாதிரியும் ஆச்சு. ஆனால் அந்தத் தகப்பன் புதர் புதராக எட்டிப் பார்த்துக்கொண்டா ஏறினான்? எனக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது, நேற்றிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

"வாங்க வாங்க, காலையிலேருந்து கிளம்பி உக்காந்திருக்காங்க," என்றாள் நர்ஸ், போச்சு, ஆடும் இல்லை ஒன்றும் இல்லை. கட்டிலில் அவள், மடியில் பை, யாரோ அவசரத்தில் வாரிவிட்ட தலை, எப்படி இருந்த உடம்பு, பாதியாகிவிட்டாளே... என்னைப் பார்த்தாள், பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். கோணிய வாயால் மெதுவாகக் கேட்டாள், "நீ மட்டுமா? வேற யாரும் வரலியா?" சுருக்கென்று கோபம் வந்தது, இந்த நிலைமையிலும் திமிரைப் பார், இப்படியே திரும்பிப் போய்விடட்டுமா? வேறு யாரும் வரவில்லையா... படி முழுக்க நானும் இதைத்தானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

"இல்லக்கா, நான்தான். வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்," என்றேன். குனிந்து கட்டிலுக்கடியில் அவள் செருப்பை எடுத்து, விழுந்த காலில் மாட்டினேன், ஜில்லென்று இருந்தது பாதம், அவள் நல்ல கையை என் தோளில் வைத்தாள், என்ன கனம். வராந்தாவில் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம்.