தாய் மீட்டரும் ஒரு எறும்பும்

என் மாமனார் என்மேல் வைத்திருந்த மரியாதையை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை. இருந்திருந்தாலும் முள் அசைந்திருக்காது. நான் பழைய வோல்ட் மீட்டர், மின் அலையைச் சின்னத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் மாதிரியான சோதனைக் கருவிகளைச் சுத்தம் செய்து ரிப்பேர் பார்ப்பவன். சுத்தம் என்றால் சும்மா துணியால் தட்டிவிடுவது இல்லை. ஐம்பது வருஷத் தூசி அடைந்த ஆசிலாஸ்கோப்பைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் குளிப்பாட்டி, வெதுவெதுப்பான அலமாரியில் மூன்று நாள் காயவைக்க வேண்டும். இது தெரியாத மனிதர், கல்யாணமான முதல் மாதமே எங்கள் வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நான் குந்தி உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. மகளிடம் மட்டும், "உன் வீட்டுக்காரர் டிவியைக் குளிப்பாட்டுறாரும்மா, எதுக்கும் நீ கொஞ்சம் பாத்து இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் அளவுச் சோதனை அலுவலகத்தில் அதிகாரி. ஊரில் யாரிடம் வோல்ட் மீட்டர் இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை அது அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். மின்சார அலுவலகத்தின் மீட்டரும் வரும், என்னுடையதும் வரும். அவர் மேஜையில் நிரந்தரமாக ஒரு மீட்டர் இருந்தது. கறுப்புப் பெட்டி, பித்தளைத் திருகுகள், விரல் நீள முள். தாய் மீட்டர் என்று பெயர். வந்த மீட்டரைப் பக்கத்தில் வைப்பார். தாய் சொன்னதைப் பிள்ளையும் சொன்னால் ஈயச் சீல், சான்றிதழ், கையெழுத்து. சொல்லாவிட்டால் சொல்லும்வரை திருகுவார். ஊரில் அவருக்கு 'சீல்' என்றே பெயர்.

அவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. ரிப்பேருக்குப் போகும் எந்தக் கருவிக்கும் ஒரு அட்டை கட்ட வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: வந்தபடி, போனபடி, குறை. கை வைப்பதற்கு முன் அது என்ன காட்டியது, கை வைத்தபின் என்ன காட்டுகிறது, நடுவில் என்ன கண்டுபிடித்தோம். வந்தபடியை எழுதாமல் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. ரிப்பேர்காரன் தன் தப்பை மறைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு என்பார். ரிப்பேர்காரன் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார்.

எங்கள் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெற இருந்தார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தாய் மீட்டரைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"மாப்ள, புதுசா வர்றவர்கிட்ட பளபளன்னு ஒப்படைக்கணும். வெளிய துடைங்க. கண்ணாடி உள்பக்கம் மங்கியிருக்கு, அதையும் துடைங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சரி மாமா."

"தண்ணி கிட்டயே கொண்டுபோகாதீங்க."

"மாட்டேன் மாமா."

என் கண்முன்னால் சீலை அவரே வெட்டினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே போட்ட சீல். அதன்பின் யாரும் திறக்கவில்லை. போகும்போது வாசலில் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார். வலது பக்கம் போனால் ஐந்தே நிமிஷத்தில் அலுவலகம், ஆனால் வழியில் பல்புக்கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் அவருடைய பால்ய சிநேகிதர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் வீட்டில் மூன்று பல்பு போக, இவர் கடைக்குப் போய் நடுத்தெருவில் நின்று, "நீ விக்கிறது பல்பு இல்லடா, ஏமாத்து வேலை" என்று கத்தியிருக்கிறார். "என் பல்பு நல்லாத்தான் இருக்கு, உன் கரண்ட்டைப் பாரு" என்று அவர் சொல்லியிருக்கிறார். இவர் விடுவாரா? தாய் மீட்டரையே தூக்கிக்கொண்டு போய்க் கடையில் மாட்டி, 230 என்று காட்டி, அங்கேயே ஒரு சான்றிதழ் எழுதி மேஜையில் வீசிவிட்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. என் மனைவிக்கு அப்போது ஒன்பது வயது. பல்பு சித்தப்பா என்று அவர் மடியிலேயே கிடந்தவள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். வோல்ட்டைக் கையால் ஏற்றி இறக்கும் பெட்டியில் என் மீட்டரையும் தாய் மீட்டரையும் மாட்டினேன். என்னுடையது 230, தாயும் 230. வந்தபடி 230 என்று எழுதினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் திறந்து கிடக்கும் மீட்டரைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். முள்ளின் பின்பக்க வாலில், எடையைச் சமன் செய்யும் இடத்தில், கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் மெல்ல எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். காய்ந்து போன எறும்பு. வயிற்றோரம் பிசுபிசுவென்று பழைய சர்க்கரை.

என் மாமனார் டீக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர். மேஜையில் டம்ளரோடுதான் வேலை பார்ப்பார். சீல் போட்ட அன்று என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் படம் மாதிரி தெரிந்தது. இதைச் சொல்லிக் கொஞ்ச நாள் கிண்டல் செய்யலாம் என்று சந்தோஷமாக மூடினேன். முள் பூஜ்யத்தில் நிற்கும்படி சரிசெய்து, மறுபடி மாட்டினேன். என் மீட்டர் 230 என்றது. தாய் 235 என்றது.

 கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அறையில் இருந்த பதினோரு மீட்டரையும் வரிசையாக மாட்டினேன். பதினொன்றும் 230.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "பதினொண்ணும் ஒண்ணைச் சொல்லுது. உங்க கை பட்டது மட்டும் வேற சொல்லுது. அப்பா சும்மாவே உங்களை மெச்சுவாரு."

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதினொன்றுக்கும் 230 என்று சொல்லிக் கொடுத்ததே தாய்தான். எறும்பை எடுத்து மறுபடி வாலில் வைத்தேன், பூஜ்யத்தைச் சரிசெய்தேன்: 230. எடுத்தேன்: 235. வைத்தேன்: 230. பூஜ்யத்தில் அது தெரியவே தெரியாது, முள் ஏற ஏறத்தான் பின்னால் இழுக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரின் வோல்ட்டைத் தீர்மானித்தது அரசாங்கம் இல்லை, ஒரு செத்த எறும்பு. நான் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது. அலுவலகத்தில் அவருக்குப் பித்தளைக் கேடயம் செய்யக் கொடுத்திருந்தார்கள். 'எட்டாயிரம் சான்றிதழ், ஒரு பிழை இல்லை' என்று அதில் பொறிக்கச் சொல்லியிருந்தார்கள். மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அது.

மறுநாள் காலை மாமனார் வந்தார். எறும்பை வைத்தும் எடுத்தும் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. 

"திரும்ப வைங்க."

"எதை மாமா?"

"எறும்பை."

"மாமா, அது எறும்பு."

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ் மாப்ள. அதுவும் இப்ப மீட்டர்ல ஒரு பாகம்தான். உங்களை யாரு பாகத்தைக் கழட்டச் சொன்னது?"

கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை, அதிகாரி தோரணையில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கேடயமும் ஞாபகம் வந்தது. சரி, தொலையட்டும், வைத்துவிடலாம் என்று திரும்பினால் வெள்ளைக் காகிதம் காலி. என் மனைவி கையில் துணியோடு நின்றிருந்தாள்.

"மேஜை குப்பையா இருந்துச்சு, துடைச்சேன்" என்றாள்.

அதன்பின் நடந்ததை வெளியே சொன்னால் எனக்குத்தான் வெட்கம். சமையலறை ஜன்னலில் சர்க்கரை தூவிவிட்டு, விவரம் தெரிந்த இரண்டு ஆண்பிள்ளைகள் எறும்புக்காகக் காத்திருந்தோம். வந்தது. இடுக்கியால் பிடித்து வாலில் வைத்தேன். அது உயிரோடு இருந்ததால் நடக்க ஆரம்பித்தது. அது நடக்க நடக்க வோல்ட் 228க்குப் போனது, 233க்கு வந்தது, அப்புறம் இறங்கிப் போய்விட்டது.

"நசுக்கிடவா மாமா?"

"சேச்சே, பாவம். தானா செத்ததாப் பாருங்க."

தானாகச் செத்ததைத் தேடினோம். கதவிடுக்கில் ஒரு சின்ன எறும்பு கிடைத்தது: 233. அலமாரி அடியில் ஒரு கட்டெறும்பு: 222. "இதுல ஒரு காலை எடுங்க" என்றார். எடுத்தேன். 223. "இன்னொரு கால்." இரண்டாவது காலை எடுக்கும்போது தலையும் கூடவே வந்துவிட்டது. இருவரும் தரையில் தவழ்ந்தபடி அடுத்த எறும்பைத் தேடினோம். எனக்குப் பெண் கொடுத்தபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை இதுதான். ஒரு கட்டத்தில் அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கை நல்லா நிதானம் மாப்ள" என்றார். எட்டு வருஷத்தில் முதல் பாராட்டு, அதுவும் எறும்புக்குக் கால் பிடுங்கியதற்கு.

மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னிடம் கேட்டாள்.

"மின்சார ஆபீஸ் மீட்டரும் அப்பாகிட்ட வந்ததுதானே?"

"ஆமா."

"அப்போ அவங்க 230ன்னு நெனச்சு அனுப்புறது நெஜமா 235ஆ?"

"ஆமா."

"235ல பல்பு சீக்கிரம் போகுமா?"

நான் ஒரு மடையன். கேள்வி எங்கே போகிறது என்று யோசிக்காமல், "போகாம? ஆயிரம் மணி நேரம் எரியற பல்பு எழுநூத்தம்பதுல போயிடும்" என்றேன்.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "அப்படின்னா பல்பு சித்தப்பா நல்ல பல்புதான் வித்தாராப்பா?"

மாமனார் தரையில் இருந்து எழவில்லை. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.  அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் ஒண்ணும் துடைக்கலை. இதோ இருக்கு உங்க எறும்பு. திரும்ப வைக்கணும்னா வைங்க. ஆனா அவர் அன்னிக்கு சொன்னாருப்பா, உன் கரண்ட்டைப் பாருன்னு. எனக்கு ஞாபகம் இருக்கு. என் கல்யாணத்தன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், அவர் எப்படியும் வந்துடுவாருன்னு."

சொல்லிவிட்டு அழுதாள். அவர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு இரக்கம் வந்தது. வைக்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் மறுபேச்சில்லாமல் வைத்திருப்பேன்.

"அட்டையைக் கொடுங்க" என்றார்.

வந்தபடி 230 என்று நான் எழுதியிருந்தேன். போனபடி 235 என்று அவரே எழுதினார். குறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு நிறுத்தி நிதானமாக, 'எறும்பு (1). உள்ளே விட்டவர் கீழே கையெழுத்திட்டவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை தாய் மீட்டரை அட்டையோடு ஒப்படைத்தார். ஊரிலுள்ள எல்லா மீட்டரும் மறுபடி வரவேண்டும் என்று கடைசி உத்தரவையும் எழுதினார். புது அதிகாரி அட்டையை மூன்று முறை படித்துவிட்டு, கழற்றிய எறும்பை அலுவலக இருப்பில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். "வேண்டாம், அது வேற ஒருத்தருக்குச் சேர வேண்டியது" என்றார் மாமனார். கேடயத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும், பத்தொன்பது வருஷமாகப் போகாத பக்கம் திரும்பினார். துணைக்கு நானும் போனேன்.

பல்புக்கடையில் மேஜைமேல் ஒரு சோதனை பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நரைத்த மனிதர் ஒருவர் நிமிர்ந்தார்.

"வாங்க. என்ன வேணும்?" வாடிக்கையாளரிடம் கேட்பது போலவே கேட்டார்.

மாமனார் தீப்பெட்டியை மேஜையில் வைத்து, அலுவலகக் கடிதத்தைப் படிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். சீல் போட்ட தேதி, சர்க்கரை, முள்ளின் வால், ஐந்து வோல்ட், எழுநூற்றைம்பது மணி நேரம். பல்புக்காரர் பூதக்கண்ணாடி வைத்து எறும்பை உற்றுப் பார்த்தார். பிறகு பின்சுவரைக் காட்டினார். அங்கே சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. 'மின்னழுத்தம் 230. சரியாக உள்ளது.' கீழே என் மாமனாரின் கையெழுத்து.

"நீ கையெழுத்துப் போட்டா தப்பா இருக்காதுன்னு மாட்டி வெச்சேன்டா. பத்தொம்பது வருஷமா நானும் நம்பிட்டேன், என் சரக்குதான் மட்டம்னு. யார் திட்டினாலும் வாயைத் திறக்காம மாத்திக் கொடுத்தேன்."

மாமனார் மேஜையைச் சுற்றிப் போய், சட்டத்தைச் சுவரிலிருந்து தானே கழற்றினார். சிநேகிதர் அவர் தோளைப் பிடித்து அழுத்தி இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார். எதிர்க்கடைப் பக்கம் திரும்பி மூன்று டீ சொன்னார்.

"இவருக்கு மட்டும் சர்க்கரை நாலு ஸ்பூன்" என்று கூடவே கத்தினார். மறக்கவில்லை.

மாமனார் தீப்பெட்டியை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்டா" என்றார். "எறும்பு வரும்."